கையெழுத்துக்கு முன்: சர்க்கரை நோயுள்ளவர் புற்றுநோய் மருத்துவ ஆய்வில் சேரும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ செல்லும் குடும்பங்கள் பலவற்றில், நோயாளி ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வருபவராக இருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரிடம், "இங்கே ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால் எப்படி முடிவெடுப்பது, எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, சேர்ந்த பிறகு எவற்றைக் கவனிப்பது என்பதை எழுத விரும்புகிறேன். என் மூத்த சகோதரிக்கு 61ஆம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தபோது அவர்களுக்குச் சர்க்கரை வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வழக்கப்படி நான் ஆச்சி என்று அழைக்கும் அவர்களோடு ஓர் ஆய்வின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூடவே இருந்தேன். அப்போது தெரியாமல் செய்த தவறுகளை வேறொரு வீட்டார் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இதை எழுதக் காரணம்.

முதலில், "நம்மை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள்" என்ற அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று நமக்குக் கொடுக்கப்படும் புற்றுநோய் மருந்துகள் அனைத்தும் யாரோ சிலர் ஆய்வில் சேர்ந்ததால் கிடைத்தவை. நமக்குப் பக்கத்திலிருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பரிசோதித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தது. விலை உயர்ந்த நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 20 மில்லிகிராம் மட்டும், வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்களின் பங்கு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. நம் வசதிக்கு எட்டும் சிகிச்சையை நம் நாட்டு நோயாளிகளிடமே ஆராய்ந்து கண்டறிய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். ஆயினும் ஆய்வு என்பது ஆய்வுதான். சேருபவருக்கு நன்மை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. "டாக்டர் சொன்னால் போதும்" என்று படிக்காமல் கையெழுத்திடுவது, அச்சப்பட்டு ஓடுவதைப் போலவே தவறானது.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனையாவது கட்டம் என்பது. முதல் கட்டத்தில் சிலரிடம் மட்டும் மருந்தின் பாதுகாப்பான அளவைத் தேடுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் மருந்து கட்டியின் மீது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் இப்போது வழக்கத்திலுள்ள சிகிச்சையோடு நூற்றுக்கணக்கானவர்களிடம் ஒப்பிடுகிறார்கள். நான்காம் கட்டம் மருந்து விற்பனைக்கு வந்த பின் நடப்பது. முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, நாம் ஏற்கும் அபாயத்தின் வேறுபாடு. அடுத்து, எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறதா, மருந்துச் சத்து எதுவும் இல்லாத வெற்று மருந்து கொடுக்கப்படும் பிரிவு உண்டா என்று கேளுங்கள். பயனுள்ள சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் புற்றுநோய்களில் பொதுவாக அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு வெற்று மருந்தை மட்டும் கொடுப்பதில்லை; அதனோடு சேர்த்தே கொடுப்பார்கள். இதை மருத்துவரின் வாயாலேயே கேட்டு உறுதி செய்துகொள்வது மனத்துக்கு அமைதி தரும்.

மூன்றாவது, ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சி.டி.ஆர்.ஐ. என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவதற்காக 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் தொடங்கப்பட்ட பதிவேடு. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை இதில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையை உட்கார வைத்து, பணம் கொடுப்பவர் யார், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பகுதிகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

யாரைச் சேர்க்கக்கூடாது என்ற அந்தப் பகுதிதான் சர்க்கரை நோயுள்ள வீட்டாருக்கு மிக முக்கியமானது. சர்க்கரை கட்டுக்கடங்காதவர், சிறுநீரகம் பழுதானவர், இதயம் பலவீனமானவர் ஆகியோரைப் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. இதைப் பாரபட்சம் என்று எண்ண வேண்டாம். சிஸ்பிளாட்டின் என்ற பழைய, பயனுள்ள மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்கு நிறையச் சலைன் ஏற்ற வேண்டியிருப்பதால் பலவீனமான இதயத்துக்கு அதுவும் பாரமாகும். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்றவை இதயத்தின் சுருங்கும் ஆற்றலைக் குறைக்கக் கூடியவை. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் ஆகியவை நரம்புகளை மரத்துப்போகச் செய்பவை. சர்க்கரையால் ஏற்கெனவே பாதங்களில் உணர்வு குறைந்தவருக்கு அது இரட்டிப்பாகும். ஆகவே ஒப்புதல் தருவதற்கு முன்பே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, நம் ஊரில் "உப்பு" என்று சொல்லப்படும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ, கண் விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகள் கையில் இருக்க வேண்டும். ஆய்வுக்காகச் சில பரிசோதனைகளை அவர்களே செய்வார்கள். கண்ணையும் பாதத்தையும் பெரும்பாலும் நாம்தான் நினைவூட்ட வேண்டும். ஆய்வில் இடம் கிடைக்க வேண்டுமே என்று பழைய நோயை மறைப்பது, நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

நாங்கள் செய்த தவறு இங்கேதான். ஆச்சி வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வுக் குழுவினர் கேட்டபோது, "சர்க்கரை மாத்திரை மட்டும்" என்றோம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லவில்லை. மூட்டு வலிக்கு அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையையும், காலையில் சாப்பிட்டுவந்த சூரணத்தையும் சொல்லவில்லை. அவர்களும் மேலே கேட்கவில்லை. கீமோவுக்கு முன் வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். அது சர்க்கரையை உயர்த்தும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தபோது 138 என்று காட்டியதால் நிம்மதியாக இருந்துவிட்டோம். மாலையில் ஆச்சி தாகம் தாங்காமல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துச் சோதித்தால் 412. ஆய்வின் ஒப்புதல் படிவத்தில் இருந்த எண்ணுக்கு ஏழு முறை அழைத்தும் எடுக்க ஆளில்லை. அன்றிரவு காரைக்குடியில் உள்ளூர் மருத்துவர்தான் இன்சுலின் போட்டுக் காப்பாற்றினார். காலையில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றுகிறது. காலை அளவை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்துபோவோம். ஆகவே கீமோ நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாள்களிலும் மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்கு முன்னும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, வாந்தியால் சாப்பிட முடியாதபோது வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ முழு அளவில் கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். இரண்டு நிலைமைக்கும் என்ன செய்வது என்பதை முதல் கீமோவுக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாமாக அளவை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சொல்லும்போது, நம் நகரத்தார் திருமணங்களில் எழுதப்படும் இசைகுடிமானம் எனக்கு நினைவுக்கு வருகிறது. இரு வீட்டாரும் இசைந்ததை எழுத்தில் பதிந்து கையொப்பமிட்ட பிறகுதான் அந்த உறவு நிற்கிறது. ஆய்வின் ஒப்புதலும் அத்தகைய எழுத்துதான். அதற்கு அவசரம் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும்; தகவல் தாள், கையெழுத்தான படிவம் இரண்டின் நகலும் நமக்குத் தரப்பட வேண்டும். ஆகவே, "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு அடுத்த முறை சொல்கிறோம்" என்று சொல்வதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நாங்கள் மூன்று நாள் கேட்டோம், கொடுத்தார்கள். முகப்பில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, ஆச்சி கேட்டுக்கொண்டே வந்து, "நடுவுல வேண்டாம்னா விட்டுறலாமா தம்பி?" என்று கேட்டார்கள். விடலாம். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது. முடிவு நோயாளியுடையது. பெரியவர்களுக்கு நோயின் பெயரையே சொல்லாமல் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் வழக்கம் நம் ஊரில் பாசத்தால் வந்தது என்றாலும், ஆய்வில் அது செல்லாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆய்வு மருந்தும் ஆய்வுக்கென்றே செய்யப்படும் பரிசோதனைகளும் இலவசமா, வழக்கமான சிகிச்சைப் பகுதியை யார் ஏற்பார்கள், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை அதற்குப் பயன்படுமா, பயணப்படி உண்டா என்று நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை சென்று தங்கித் திரும்பும் செலவு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் சிறிதல்ல.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு சிட்டை எழுதுங்கள். நம் முன்னோர் பர்மாவில் கடை வைத்திருந்தபோது அன்றாடக் கணக்கைச் சிட்டையில் எழுதிப் பிறகு பேரேட்டில் ஏற்றியதைப் போல, தேதி, நேரம், சர்க்கரை அளவு, காய்ச்சல், சாப்பிட்டது, வாந்தி, மருந்து என்று அன்றன்றே எழுத வேண்டும். ஆச்சியின் நோட்டில் நான்காம் கீமோ சுழற்சிக்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது: "முகப்புல ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சி கால்ல தெரியல." வெறுங்காலோடு நடந்து பழகிய தரையின் குளிர்ச்சி தெரியவில்லை என்பது நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளம். அந்த வரியைக் காட்டியதும் மருத்துவர் அடுத்த சுழற்சியில் மருந்தின் அளவைக் குறைத்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு. இரவு படுக்கும் முன் டார்ச் அடித்து இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் நான் பார்ப்பேன். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடலில், அதிலும் சர்க்கரை உள்ள உடலில், கிருமித் தொற்று சில மணி நேரத்தில் பரவிவிடும்.

மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு எது நேர்ந்தாலும், அது மருந்தால் வந்ததா சர்க்கரையால் வந்ததா என்று நாமே தீர்ப்பு எழுதாமல் ஆய்வு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கடுமையான விளைவை 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் அவர் அறிவிக்க வேண்டியது சட்டம். ஆய்வால் நேர்ந்த பாதிப்பு என்றால் இலவச சிகிச்சையும், நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. நெறிமுறைக் குழு என்பது சட்டம் அறிந்தவரும் மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெறும், குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு. அதன் தொலைபேசி எண் தகவல் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆய்வுக் குழுவினர் பதில் சொல்லாதபோது அந்த எண்ணை அழைக்கலாம் என்பது, 412 காட்டிய அந்த இரவில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆய்வு முடிந்ததும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது எந்தப் பிரிவின் மருந்து என்பது எப்போது தெரிவிக்கப்படும், பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா, முடிவு வெளியாகும்போது நமக்கு யார் சொல்வார்கள். பிறகு அந்தக் கோப்பு முழுவதையும், சிட்டையோடு சேர்த்து, நம் ஊரில் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதயத்திலும் நரம்பிலும் சிறுநீரகத்திலும் தாமதமாகத் தலைகாட்டும் விளைவுகளை இனி வரும் ஆண்டுகளில் கவனிக்கப் போகிறவர் அவர்தான்.