எடை குறைப்பு ஊசியும் எடைப் பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஜிம்மில் காலை ஐந்தரை மணி பேட்சில் இப்போது நான்கு பேர் பசியைக் குறைக்கும் எடை குறைப்பு ஊசி போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருகிறார்கள். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ என்ற ஊசியும் ஜூனில் வெகோவி என்ற ஊசியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன, அதற்குப் பிறகு இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் ஊசி போட்டவன்தான். 104 கிலோவில் தொடங்கி ஏழு மாதத்தில் 86 கிலோவுக்கு வந்தேன். அந்த ஏழு மாதத்தில் நான் செய்த தவறுகளை இந்த நான்கு பேரில் மூன்று பேர் வரிசை கூட மாறாமல் செய்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஊசியை ஃப்ரிட்ஜில் எப்படி வைப்பது, எங்கே குத்துவது என்பதெல்லாம் டாக்டர் சொல்லிவிடுவார். வார்ம்அப் பண்ணாமல் பாரை (எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புக் கம்பி) தொடாதே என்பதை எந்த ஜிம் மாஸ்டரும் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெஷினில் எடை குறைகிறது என்று பாரிலும் எடையைக் குறைப்பது

இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு ஆறாது.

நான் தூக்கும் எடையை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவன். ஊசி தொடங்கிய வாரத்தில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 80 கிலோ, ஆறு ரெப்ஸ், மூன்று செட், அதாவது ஆறு ஆறு தடவையாக மூன்று சுற்று. இரண்டாவது மாதம் 70. பக்கத்திலேயே "சோர்வு" என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது மாதம் 60, அங்கேயும் "சோர்வு". ஐந்தாவது மாதத்தில் 45 கிலோவில் பதினைந்து ரெப்ஸ் போட்டுவிட்டு, வியர்த்ததால் நல்ல பயிற்சி என்று திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் எடை மெஷின் நல்ல செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆளே மாறிட்டீங்க" என்றார்கள், அந்த நோட்டில் எண்கள் இறங்கிக்கொண்டே போவது என் கண்ணில் படவே இல்லை.

உறைத்தது ஒரு கேஸ் சிலிண்டரால். நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். டெலிவரி செய்கிறவர் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போவார், அங்கிருந்து சமையலறைவரை நான் ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அன்று நடுக்கூடத்தில் இறக்கி வைத்துவிட்டேன். மறுபடி தூக்கப் பார்த்தால் முன்கை நடுங்குகிறது. என் மகன் வந்து "விடுங்கப்பா" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான். 104 கிலோவாக இருந்தபோது தூக்க முடிந்ததை 90 கிலோவுக்கு வந்து தூக்க முடியவில்லை. அப்படியானால் போனது கொழுப்பு மட்டுமா?

இல்லை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை வைத்து நடந்து 2021-இல் வெளிவந்த ஸ்டெப் 1 ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத உடல் எடை குறைந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் 140 பேருக்கு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து போட்டுக்கொண்டவர்கள் இழந்த எடையில் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொழுப்பல்லாத பகுதி. மௌன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைடுக்கு நடந்த ஆய்வில் அது கால் பங்கு அளவில் இருந்தது. கொழுப்பல்லாத பகுதி என்றால் முழுக்கத் தசை இல்லை, தண்ணீரும் உறுப்புகளும் அதில் அடக்கம், அதனால் பயந்து ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாப்பாட்டைக் குறைத்து எந்த வழியில் எடை குறைத்தாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் கவலை, ஏனென்றால் நாம் தொடங்கும்போதே கையிருப்பு குறைவு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு கணக்குச் சொன்னார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அப்படிப்பட்ட உடம்பிலிருந்து தசையையும் இழந்தால் பாக்கி என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவது "இப்ப டோனிங் பண்ணினா போதும், வெயிட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள்மேல்தான். இரண்டு கிலோ டம்பெல்லை முப்பது தடவை ஆட்டினால் உடம்புக்கு எந்தச் செய்தியும் போகாது. உள்ளே சாப்பாடு வரவில்லை, தசையை வைத்திருப்பது செலவு, யாரும் அதைப் பயன்படுத்துவதாகவும் தெரியவில்லை என்றால் உடம்பு அதைக் கரைக்கத்தான் செய்யும். கனமான எடையைத் தூக்குவதுதான், இது தேவைப்படுகிறது, கை வைக்காதே என்று உடம்புக்குச் சொல்லும் நல்ல வழி.

சரி, சோர்வாக இருக்கும் நாளில் என்ன செய்வது? செட்டைக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 16 வாரம் நன்றாகத் தூக்கியவர்களுக்குப் பயிற்சியின் அளவை மூன்றில் ஒரு பங்காக, சிலருக்கு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள், எடையை மட்டும் இறக்கவில்லை. இளைஞர்களுக்கு 32 வாரத்துக்கும் தசை அப்படியே நின்றது, அறுபதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளவு குறைவு போதவில்லை. அவர்கள் யாரும் ஊசி போட்டு அரைவயிறு சாப்பிட்டவர்கள் இல்லை, அதனால் நமக்கு ஒன்பதில் ஒரு பங்கு கட்டாது. ஆனாலும் வழி இதுதான். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஸ்குவாட், டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்குவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மேலே தள்ளுவது), ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், ஒவ்வொன்றும் இரண்டு செட், ஆறிலிருந்து பத்து ரெப்ஸ், கடைசி ரெப் முடியும்போது இன்னும் ஒன்றோ இரண்டோதான் போட முடியும் என்ற நிலை. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். வாரக் கடைசியில் எடை மெஷினைப் பார்ப்பதற்கு முன் நோட்டைப் பாருங்கள்.

பேட்சில் ஒரு அக்கா இருக்கிறார், ஐம்பத்திரண்டு வயது. "தம்பி, இந்த வாரமும் ஒன்றரை கிலோ குறைஞ்சிருச்சு" என்று சந்தோஷமாகத்தான் வந்தார். அன்று பாயில் உட்கார்ந்து ஸ்ட்ரெச் செய்துவிட்டு எழுந்தபோது வலது கையைத் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில் ஊன்றி, பக்கத்து பெஞ்சைப் பிடித்துத்தான் எழுந்தார். முன்பு அப்படி இல்லையே அக்கா என்று கேட்டேன். அவருக்கே அப்போதுதான் நினைவு வந்தது, கோயிலில் சப்பணம் போட்டு உட்காருவதையே ஒரு மாதமாகத் தவிர்த்து வருகிறாராம். இப்போது ட்ரெட்மில்லை விட்டுவிட்டு 20 கிலோ வெறும் பாரோடு டெட்லிஃப்டில் ஆரம்பித்து 35-க்கு வந்திருக்கிறார். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

"சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே"

பசி இல்லை, அதனால் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறோம். இரண்டு இட்லியில் 4 கிராம் புரதம் இருந்தால் அதிகம், கரண்டி சாம்பாரில் இன்னும் கொஞ்சம். எடை குறையும் காலத்தில் தசையைக் காப்பாற்ற உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவை, 80 கிலோ இருப்பவருக்கு சுமார் 100 முதல் 130 கிராம். பசியை நம்பினால் இதை எட்ட முடியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள், சோறு அப்புறம். இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், முதலில் சோறு இறங்கிவிட்டால் முட்டைக்கு இடம் இருக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30, 50 கிராம் காய்ந்த சோயா உருண்டையில் 26, ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டலில் 14. குமட்டும் நாட்களில் எனக்குத் தயிரும் வே பவுடரும் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) தான் உள்ளே போயின. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

ஊசி போட்ட மறுநாள் லெக் டே

கால்களுக்கான கடினமான பயிற்சியை அன்று வைக்காதீர்கள்.

நடைப்பயிற்சி போதும் என்பது

இதயத்துக்கு நல்லது, தொடருங்கள். தசைக்குப் போதாது.

தண்ணீரை மறப்பது

பசியோடு சேர்ந்து குடிக்கும் நினைப்பும் போய்விடுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்த நாளில், அதுவும் மே மாத வெயிலில், ஃபேன் மட்டும் இருக்கும் ஜிம்முக்குப் போய் டெட்லிஃப்ட் போட்டால் தலை சுற்றிப் பாரோடு விழுவீர்கள். அன்று உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டு வீட்டிலேயே இருங்கள். ஒரு நாள் பயிற்சி விட்டுப்போவதால் ஒன்றும் கெடாது.

சர்க்கரை மாத்திரையை அப்படியே தொடர்வது

கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அவற்றோடு இந்த ஊசியும் சேர்ந்து, சாப்பாடும் குறைந்து, காலையில் வெறும் வயிற்றில் பயிற்சியும் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் மங்குவது எல்லாம் கடினமாகத் தூக்கிய அடையாளம் என்று நினைத்துவிடுவது சுலபம். எங்கள் பேட்சில் ஒருவர் அப்படித்தான் நினைத்து அடுத்த செட்டுக்குப் போனார், நல்லவேளை பக்கத்தில் இருந்தவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாரைப் பிடித்தார். ஊசி தொடங்கும்போதே மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நீங்கள் எடைப் பயிற்சி செய்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியோடு ஜிம்மையும் நிறுத்துவது

ஸ்டெப் 1 ஆய்வில் மருந்தை நிறுத்திய பிறகு சிலரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பயிற்சி இல்லாத உடம்பில் அப்படித் திரும்புவதில் கொழுப்புதான் அதிகம், போன தசை தானாக வந்து சேராது. ஊசியை எப்போது, எப்படி நிறுத்துவது என்பது டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. அப்படி நிறுத்துவதாக முடிவானால், பசி திரும்பி வரும் அந்த மாதங்கள்தான் பாரில் எடையை ஏற்றுவதற்கு நல்ல காலம், சாப்பாடு உள்ளே போவதால் தெம்பும் இருக்கும். நான் அந்தச் சமயத்தில்தான் 45-இலிருந்து மறுபடி 80-க்கு வந்தேன், பதினான்கு மாதம் ஆனது.