படம் தெரியாமல் ஒரு குயில்ட்: நாலைந்து பேர் சேர்ந்து தைக்க ஒரு மிஸ்டரி

குயில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த அடுக்குப் போர்வை. மிஸ்டரி குயில்ட் என்பது ரொம்ப எளிமையான விளையாட்டு. எவ்வளவு துணி வாங்க வேண்டும், எந்த அளவில் வெட்ட வேண்டும், எதை எதோடு தைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்வார்கள். கடைசியில் என்ன டிசைன் வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நாளுக்கு ஒரு துப்பு வரும். அதைத் தைத்து முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் குயில்ட் தைப்பவர்களிடையே இது பழைய வழக்கம். அங்கே சங்கங்களிலும் பத்திரிகைகளிலும் இப்படித் துண்டு துண்டாக வெளியிடுவார்கள். சென்னையிலும் குயில்ட் பிரியர்களுக்குக் குறைவில்லை. 2019-இல் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் இங்கேதான் நடந்தது.

இந்தப் பதிவில் இருப்பது 36-க்கு 48 இன்ச் குயில்ட். குழந்தைக்குப் போர்த்தலாம், ஏசி அறையில் மடியில் போட்டுக்கொள்ளலாம். நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சூத்திரதாரி

உங்கள் குழுவில் ஒருவர் மட்டும் இதைக் கடைசி வரை படிக்கட்டும். மற்றவர்கள் துணி வாங்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துப்புகளை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வாரம் ஒன்று என்று ஆரம்பிக்காதீர்கள். யார் வீட்டிலாவது சீமந்தம் வரும், பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை வரும், குழு அப்படியே படுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒன்று சரியாக இருக்கும்.

சூத்திரதாரி வேலைக்குக் கெட்டியான ஆள் வேண்டும். “அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க, பூவா நட்சத்திரமா?” என்று தனியாக மெசேஜ் வரும். வாயைத் திறக்கக் கூடாது.

ஒவ்வொரு துப்பு முடிந்ததும் எல்லோரும் ஒரு துண்டின் மேல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். சாதாரண குயில்ட்டில் ஏதாவது தப்பினால் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இதில் படமே கிடையாது, அளவை மட்டும்தான் நம்ப முடியும். நாலு பேர் துண்டும் ஒரே அளவில் இருந்தால் எல்லோரும் சரி. ஒருவருடையது மட்டும் ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

துணி

மூன்று வகைத் துணி வேண்டும். 44 இன்ச் பன்னாவுக்கு, அதாவது துணி அகலத்துக்கு, கணக்கு இது:

அ – வெளிர் நிறம்: ஒன்றேகால் மீட்டர்
ஆ – அடர் நிறம்: ஒரு மீட்டர் (ஓரப் பட்டியும் இதிலேயே)
இ – பளிச்சென்ற மூன்றாவது நிறம்: அரை மீட்டர்
அடித்துணி: ஒன்றரை மீட்டர்

கடையில் முதல் கேள்வி “பன்னா எவ்வளவு?” என்பதாக இருக்கட்டும். பிளவுஸ் துணிகள் பல 36 இன்ச்தான் இருக்கும். அப்படியானால் அ, ஆ, இ மூன்றிலும் கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அடித்துணி மட்டும் 44-க்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒட்டுப்போட வேண்டி வரும்.

எங்கே வாங்குவது? தி.நகர், பாண்டி பஜார் பக்கத்து மேட்சிங் சென்டர்களே இதற்குப் பொருத்தம். புடவையை நீட்டினால் அதே நிறத்தை எடுத்துப் போடும் கடைக்காரருக்கு நம் மூன்று நிறம் ஒரு பொருட்டே இல்லை. மொத்தமாக, நாலு பேருக்கும் சேர்த்து வாங்குவதென்றால் சௌகார்பேட்டை கோடவுன் தெரு. நூறு சதவீதக் காட்டன் பாப்ளின் கேளுங்கள். லைனிங் துணி வேண்டாம், மெலிசாக இருந்து இழுபடும். பாலியஸ்டர் கலந்ததை இஸ்திரி போட்டாலும் மடிப்பு நிற்காது.

படம் தெரியாமல் நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எல்லோருக்கும் வரும் கலக்கம். நிறத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், வெளிர்–அடர் வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று துணியையும் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். அ தனியாகத் தெரிய வேண்டும். மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் கண்ணுக்கு வேறுவேறுதான், ஆனால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகப் போய் டிசைன் மறைந்துவிடும்.

பெரிய கலம்காரி மயில் இதற்கு ஆகாது. இரண்டரை இன்ச் சதுரத்தில் மயிலின் தொண்டை மட்டும் மிஞ்சும். ஒரே திசையில் நடக்கும் யானை வரிசையும் வேண்டாம், பாதி யானை தலைகீழாக நிற்கும். சுங்குடிப் புள்ளி மாதிரி சின்ன டிசைன் எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகு.

வெட்டுவதற்கு முன்னால்

எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். அரக்கு, கருநீலம் இரண்டிலும் சந்தேகம் இருக்கட்டும். ஈரத்துணியின் மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. நாலைந்து முறை அலசியும் போகிறதா, அந்தத் துணியை விட்டுவிடுங்கள். வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அது இருக்கவே கூடாது.

அப்புறம் கஞ்சி. வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, துணியை முக்கிக் காயவைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுங்கள். துணி காகிதம் மாதிரி நிற்கும். வெட்டும்போது நழுவாது, கோணலாக வெட்டிய ஓரம் இழுபடாது. காசு கொடுத்து ஸ்பிரே வாங்குவதைவிட இதில் பலன் அதிகம் என்பது என் கட்சி.

வெட்ட ரோட்டரி கட்டர் (சக்கரம் போல உருளும் கத்தி), அடியில் போடும் மேட், நீளமான அக்ரிலிக் ஸ்கேல் மூன்றும் இருந்தால் வேலை பறக்கும். குழுவுக்கு ஒரு செட் வாங்கி ஒரே வீட்டில் உட்கார்ந்து வெட்டினால் செலவும் பங்காகும். இல்லையா, அட்டையில் அளவு வெட்டி, சாக்கால் கோடு போட்டு, நல்ல கத்தரியால் வெட்டுங்கள்.

கால் இன்ச் சோதனை

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இன்ச், அதாவது இரண்டு நூல். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று துண்டு வெட்டி வரிசையாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுத்துண்டு மிகச்சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். மொத்தம் மூன்றரை. குறைந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது, கூடினால் ஓரத்துக்கு ஓடியிருக்கிறது.

மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு மெஷினிலும் அது ஒவ்வொரு அளவு. ஊசியிலிருந்து இரண்டு நூல் அளந்து, மெஷின் தட்டில் பேண்டேஜ் பிளாஸ்திரியை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அதில் உரசிக்கொண்டே போகும்.

அரை நூல் தப்பினால் என்ன பெரிசாக ஆகிவிடும் என்று தோன்றும். தையலின் இரண்டு பக்கமும் அரை நூல் போனால், ஒரு தையலுக்கு ஒரு நூல். நம் குயில்ட்டில் ஒரு வரிசையில் நாலு தையல், அடுத்ததில் மூன்று. பன்னிரண்டரை வர வேண்டிய முதல் வரிசை 12 இன்ச் வரும், அடுத்தது 12 இன்ச்சும் ஒரு நூலும் வரும். இரண்டையும் சேர்க்கும்போது துணி சுருக்கிக்கொண்டு முறைக்கும்.

துப்பு 1: சின்னச் சதுரங்கள்

அ துணியில் இரண்டரை இன்ச் அகலப் பட்டை 8, ஆ துணியில் 8, பன்னா முழுக்க வெட்டுங்கள். 36 இன்ச் பன்னாவானால் ஒன்பது ஒன்பது. அ ஒன்று, ஆ ஒன்று என்று நீளவாட்டில் ஜோடியாகத் தையுங்கள். தையல் மடிப்பை அடர் நிறத்தின் பக்கம் தள்ளி இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் பட்டை வில்லாக வளையும்.

இப்போது ஜோடிப் பட்டை நாலரை அகலம் இருக்கும். அதைக் குறுக்கே இரண்டரை இன்ச் துண்டுகளாக வெட்டுங்கள். 120 துண்டு தேவை. இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றைத் திருப்பி, வெளிருக்கு எதிரே அடர் வருமாறு சேருங்கள். மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் நடுவில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். விரலால் தடவினாலே அந்தக் கவ்வல் தெரியும். அங்கே ஒரு குண்டூசி.

நூலை அறுக்காமல் ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்ததை நுழைத்துக்கொண்டே போனால், மெஷினுக்குப் பின்னால் மாவிலைத் தோரணம் போல வரிசையாகத் தொங்கும். பிறகு கத்தரித்துக்கொள்ளலாம். மொத்தம் 60 கட்டம், ஒவ்வொன்றும் நாலரைக்கு நாலரை.

துப்பு 2: முக்கோணங்கள்

அ துணியில் 5 இன்ச் சதுரம் 24, இ துணியில் 24. ஒன்றின் மேல் ஒன்றை, நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு வையுங்கள். மூலைக்கு மூலை ஒரு பென்சில் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இன்ச், அந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளித் தையல். கோட்டின் மேலேயே வெட்டிப் பிரித்தால் இரண்டு சதுரம், ஒவ்வொன்றிலும் பாதி வெளிர், பாதி நிறம். 48 கிடைக்கும்.

இவை நாலரையைவிடக் கொஞ்சம் பெரிதாக, லேசாகக் கோணலாக வரும். வேண்டுமென்றேதான் அப்படி. ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையலின் மேல் உட்காரவைத்து, முதலில் இரண்டு பக்கம் சீவுங்கள். திருப்பி வைத்து, நாலரைக் கோடுகளைச் சீவிய ஓரத்தில் பொருத்தி மீதி இரண்டையும் சீவுங்கள். 48 முறை இதைச் செய்வது அலுப்புதான். பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும் நாளுக்கு இதை ஒதுக்குங்கள். குழுவாகத் தைப்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரியும்.

துப்பு 3: கட்டம் சேர்ப்பது

(முதல் இரண்டு துப்பும் முடிக்காதவர்கள் இங்கே எட்டிப் பார்க்கக் கூடாது.)

மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது துண்டு அடுக்குங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் சின்னச் சதுரக் கட்டம், மீதி நாலு இடத்தில் முக்கோணம். எல்லாச் சதுரக் கட்டத்திலும் அடர் நிறம் மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு இறங்க வேண்டும். முக்கோணங்களின் சாய்தையலும் அதே சாய்வு, இ நிறம் நடுவில் சாய்வாக இறங்கும் அடர் சதுரச் சங்கிலியைப் பார்த்தபடி. வரிசை வரிசையாகத் தைத்து, மூன்று வரிசையையும் சேர்த்தால் பன்னிரண்டரை இன்ச் கட்டம். இப்படி 12. அமெரிக்கர்கள் யாக்கோபின் ஏணி என்று சொல்லும் கட்டத்தின் குடும்பம் இது.

துப்பு 4: எல்லோரும் ஒரே அறையில்

இதைத் தனித்தனியாகச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிறு கூடி, தரையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அவரவர் 12 கட்டத்தையும் மூன்றுக்கு நாலாகப் பரப்புங்கள். மே மாதமானால் வியர்வையில் குளிப்பீர்கள், ஆனால் விசிறி ஓடினால் துண்டெல்லாம் சோபாவுக்கு அடியில் இருக்கும்.

எல்லாக் கட்டமும் ஒரே திசை பார்த்தால் நீளமான சாய்கோடுகள். ஒன்றுவிட்டு ஒரு நெடுவரிசையைக் கால்வட்டம் திருப்பினால் நெளிநெளியாக ஓடும். நாலு கட்டத்தை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பினால் வைரம். இத்தனை வாரமாக ஒரே மாதிரித் துண்டு தைத்தவர்கள் கையில் ஆளுக்கொரு விதமான குயில்ட் இருக்கும். எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத்தான் திரும்பிப்போன கட்டம் முதலில் படும். பிடித்த அடுக்கைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு தையுங்கள்.

முடிப்பது

நடு அடுக்குக்குத் தடிமனான பஞ்சுத் தாள் நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து 40-க்கு 52 வெட்டினால் போதும். அடித்துணியும் அதே அளவு. அடித்துணியைத் தரையில் இறுக்கமாக டேப் போட்டு ஒட்டி, வேட்டி, அதன் மேல் தைத்த மேல்துணி. நடுவிலிருந்து வெளியே, நாலு இன்ச்சுக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள்.

பிறகு சாய்தையல்களை ஒட்டி மெஷினிலோ, கையால் ஓட்டுத் தையலிலோ மூன்றையும் சேர்த்துத் தைக்கலாம். முதல்முறைக்குக் கைத்தையலே மேல், மெஷினில் அடித்துணி சுருங்கினால் பிரிப்பது பெரும்பாடு. ஓரத்தைச் சீவி, ஆ துணியில் இரண்டரை இன்ச் பட்டை ஐந்து (36 இன்ச் பன்னாவில் ஆறு) இணைத்து, இரண்டாக மடித்து, முன்பக்கம் தைத்துப் பின்பக்கம் ஹெம்மிங் போட்டுவிடுங்கள்.

முடிந்ததும் அப்படியே பீரோவில் வைக்க வேண்டாம். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வந்து உட்காரும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் படுக்கைவாட்டில் உலர்த்துங்கள். பட்டைகளில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தால் இன்னும் சில சதுரக் கட்டங்கள் வரும். அவற்றைச் சூத்திரதாரிக்குக் கொடுத்துவிடுங்கள். நாலு பேர் மிச்சம் சேர்ந்தால் அவருக்கு ஒரு தலையணை உறை ஆகும்.