ஜப்பானின் கியோத்தோவில் தனியாகக் கோயில் சுற்றுகிறீர்களா?

முதலில் காலணி. லேஸ் கட்டுகிற ஷூவை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். சஞ்சூசங்கெண்டோ, ரியோவான்ஜி என்று உள்ளே போகும் இடமெல்லாம் கழற்றித்தான் ஆகவேண்டும். நான்காவது கோயிலில் குனிந்து முடிச்சை அவிழ்க்கும்போது என் முட்டாள்தனம் எனக்கே புரிந்தது. குளிர்காலத்தில் மரத்தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். தடித்த சாக்ஸ் போடுங்கள், ஓட்டை இல்லாததாக!

நேரம் இன்னும் முக்கியம். பல கோயில்கள் மாலை நாலரை, ஐந்துக்கே மூடிவிடும். கியோமிசுதேரா காலை 6 மணிக்கே திறக்கிறது. அப்போதே போய்விட்டால் அந்தக் கோயிலின் மர மேடையில் நிதானமாக நிற்கலாம்; பத்து மணிக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். ஃபுஷிமி இனாரி என்ற மலைக்கோயிலுக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. எனவே அதை இருட்டுவதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வாயில்களுக்குள் பாதி மலை ஏறினாலே கூட்டம் கரைந்துவிடும்.

சில்லறை எப்போதும் பையில் இருக்கட்டும். உண்டியலில் 5 யென் போடுவது அங்கே வழக்கம். ‘கோ-என்’ என்றால் ஐந்து யென், நல்ல உறவு என்றும் பொருள். முதல் கோயிலிலேயே ‘கோஷுயின்’ நோட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பல கோயில்களில் அதில் தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை வைத்துத் தருவார்கள், பெரும்பாலும் 300 முதல் 500 யென். மை காயும் முன் நோட்டை மூடாதீர்கள். நடுவில் தரும் மெல்லிய தாளை எடுக்கவே எடுக்காதீர்கள்.