ஓவர்டைம் கணக்குக்கு 127

சிங்கப்பூரில் வேலை செய்கிறீர்களா? மாத அடிப்படைச் சம்பளத்தை 127ஆல் வகுங்கள். ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு உங்களுக்கு வரவேண்டிய குறைந்தபட்சத் தொகை கிடைத்துவிடும். 1,600 வெள்ளி என்றால் சுமார் 12.60.

சிங்கப்பூர்ச் சட்டப்படி வாரம் 44 மணி நேரம், 52 வாரத்துக்கு 2,288. 12 மாதச் சம்பளத்தை அதால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் வருவதும் இதேதான். முதலாளி அதே 1,600ஐ 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்து ஒன்றரை மடங்காகக் கொடுத்தால் 11.54தான் வரும். மணிக்கு ஒரு வெள்ளிக்கு மேல் போகிறது, விடாமல் கேளுங்கள்!

அலவன்ஸைச் சேர்க்காதீர்கள். நாள் சம்பளக்காரர்கள், மேனேஜர்கள், வீட்டுப் பணிப்பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அடிப்படைச் சம்பளம் உடலுழைப்பு வேலையில் 4,500 வெள்ளியையும் மற்ற வேலைகளில் 2,600ஐயும் தாண்டினாலும் அப்படித்தான்.