பாவம் கழுவும் கிணறு: ரோல்பிளே ஆட்டத்துக்கு ஒரு பிராயச்சித்தக் கூட்டம் அமைப்பது எப்படி?

மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடும் கதைதான் ரோல்பிளே ஆட்டம். அதை நடத்தத் தொடங்கிய புதிதில் நானும் கறுப்பு அங்கி, மண்டையோடு, ரத்தப்பலி என்று ஒரு இரகசிய வழிபாட்டுக் கூட்டத்தை உருவாக்கினேன். அரை மணித்தியாலத்தில் கூட்டத் தலைவனை வெட்டிப்போட்டுவிட்டு ஆட்டக்காரர் எல்லோரும் தேத்தண்ணீர் கேட்டார்கள். கெட்டவனைக் கொல்ல யோசிக்கத் தேவையில்லை. செய்த பாவத்துக்கு அழுகிறவனை வெட்டத்தான் கை வராது. ஆகவே அப்படி ஒரு கூட்டம் செய்வோம்.

முதலில் பாவம். 'உலகத்தின் பாவம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். பஞ்சத்தில் அயலானுக்குப் படலையைத் திறக்காதவன், தம்பியின் பங்குக் காணியை எழுதி எடுத்தவன் என்று ஆளுக்கொரு கதை போதும்.

அடுத்து தவம். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஒரு உடல் வேலையாக இருக்கட்டும். நல்லூர்த் தேரன்று மணலில் உருளுகிறவர்களையும் தூக்குக்காவடியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிது. ஆனால் அவற்றை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் மேசையில் இருக்கிற ஒருவருடைய அம்மாவே அந்த நேர்த்தியை வைத்திருப்பார்.

நான் எடுத்தது கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் நமக்கு, அதுவும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். சரி, இதை ஆட்டத்துக்குக் கொண்டுவருவோம். கிணறு உவர்த்துப்போனது தங்கள் பாவத்தால்தான் என்று என் 'உவர்க்கிணற்றார்' நம்புகிறார்கள். தண்ணீர் இனிக்கும்வரை இரவு பகலாக இறைக்கிறார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: பாவம் தீர்ந்தது என்று யார் சொல்வது? நம் நேர்த்திக்கடனுக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை காவடி, இந்தத் திருவிழா என்று செய்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கணக்கு முடியாத இடத்தில்தான் கூட்டம் ஆபத்தாகிறது. என் கூட்டத்தில் கெட்ட தலைவனே இல்லை; கணக்கை முடிக்கவேண்டியது கிணறு.

விதிகள் சுருக்கமாக. ஆட்டக்காரர் ஆளுக்கு 7 பாவக்குடம். இறைக்கும் ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 11 அல்லது மேலே விழுந்தால் ஒரு குடம் குறையும், அடுத்த சண்டையில் பகடை எண்ணோடு 2 கூட்டிக்கொள்ளலாம். (இந்த ஆசை காட்டாவிட்டால் ஒருவரும் துலாவைத் தொடமாட்டார்கள்.) என்ன விழுந்தாலும் ஊரின் உப்புக்கணக்கில் 1 ஏறும். அதை ஆட்டக்காரர்களுக்குக் காட்டாமல் நீங்களே குறித்து வையுங்கள். 10 ஆனால் வெங்காயப் பாத்தி கருகும், 20 ஆனால் கிணறு கடல். நான்கு பேரின் குடங்களும் தீரச் சராசரியாக 56 தடவை இறைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஊர் அதுவரை தாங்காது.

உண்மையை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். கருகிய வெங்காயத் தாள், சோற்றில் கரிப்பு, தண்ணீர் குடிக்காத மாடு என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எங்கள் மேசையில் மூன்றாம் நாள்தான் ஒருவன் பகடையைக் கீழே வைத்தான்.

"மச்சான், நாங்கள் இறைக்கிறபடியால்தானே இது உவர்க்குது?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் பக்கத்தில் இருந்தவன் தன் தாளைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு குடம்தான் மிச்சம். அதை மட்டும் இறைச்சுப்போட்டு வாறன்."