பார்படோஸ் போனால் வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸில் சாப்பிடுங்கள்

பார்படோஸ் 34 கிலோமீட்டர் நீளமே உள்ள தீவு. ஆனால் கடலோர ஓட்டல்களில் பில்லைப் பார்த்தால் பசி போய்விடும். வரிக்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். தனியாக டிப்ஸ் வைக்கும் முன் பில்லை ஒருமுறை படியுங்கள்.

வெள்ளி இரவு என்றால் யோசிக்கவே வேண்டாம், தெற்குக் கரையில் உள்ள ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போய்விடுங்கள். வரிசையாகக் கடைகள், புகை, பாட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம். எட்டு மணிக்கு மேல் வரிசை நீளும். கொஞ்சம் முன்னாலேயே போவது நல்லது. மார்லின் மீனைக் கரியில் வாட்டி, பக்கத்தில் மக்கரோனி பை (pie, சீஸ் சேர்த்துச் சுட்ட மக்கரோனி) வைத்துத் தருவார்கள். பலகையில் 'டால்ஃபின்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அது மஹி மஹி மீன்தான்!

தேசிய உணவு, பறக்கும் மீனும் கூக்கூவும். பறக்கும் மீன் வேறொன்றுமில்லை, நம் ஊர் கோலா மீன் வகைதான். கூக்கூ, மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிளறிய களி. வழவழப்பு பிடிக்காதவர்கள் முதலில் ஒரு வாய் ருசி பாருங்கள்.

மீன் வேண்டாதவர்களுக்கு ரொட்டி இருக்கிறது: உருளைக்கிழங்குக் கறியை உள்ளே வைத்து மடித்தது.

அப்புறம், விலை கேட்கும்போது எந்த டாலர் என்றும் கேளுங்கள். இரண்டு பார்படோஸ் டாலர்தான் ஒரு அமெரிக்க டாலர்.