வாட்டர் கூலிங்: அடிக்கடி பிரிக்காமல் ஓட

கம்ப்யூட்டருக்கு, தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கும் வாட்டர் கூலிங் போடுகிறீர்களா? முதலில் அந்தக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிவிசி ட்யூபை மறந்துவிடுங்கள். மென்மையான பிவிசி ட்யூபில் வளைவதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர், சூட்டில் மெல்லக் கசிந்து தண்ணீரில் கலக்கும். ஒரு வருடம் கழித்து, சிபியு மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக்கைத் திறந்தபோது, நெருக்கமான செப்புத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக, பிசுபிசுவென்று ஒரு படலம். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க அரை நாள் போனது. அப்புறம் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் ட்யூபுக்கு மாறிவிட்டேன். பார்க்க கார் ரேடியேட்டர் ஹோஸ் மாதிரிதான் இருக்கும். ஆனால் வெளிச்சம் உள்ளே போகாததால் பாசி சுலபத்தில் பிடிக்காது.

ரேடியேட்டர், பிளாக் எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்றே இருக்கட்டும். நடுவே ஒரு அலுமினியத் துண்டு வந்தாலும் அரிப்புக்கு வழி திறந்த மாதிரிதான். புது ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவுங்கள், பற்றவைக்கும்போது தடவிய சால்டரிங் ஃபிளக்ஸின் மிச்சம் வெளியே வரும். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். பிறகு உள்ளே ஊற்றும் கூலண்ட் நிறமில்லாததாக, அரிப்புத் தடுப்பான் கலந்ததாக இருந்தால் போதும். பால் மாதிரி மின்னும் கலரெல்லாம் போட்டோவுக்குத்தான்.

தண்ணீர் சுற்றிவரும் லூப்பின் தாழ்வான இடத்தில் ஒரு டீ ஃபிட்டிங்கும் (மூன்று வழி இணைப்பு) சின்ன வால்வும் வைத்துவிட்டால், தண்ணீர் மாற்றும் நாளில் கேபினட்டைக் கவிழ்த்துத் தவிக்க வேண்டாம்.